ஃபைட்டிங் கேம் ரோஸ்டரில் எத்தனை பேர்? புள்ளியியல் வைத்துக் கணிப்பது எப்படி

புது ஃபைட்டிங் கேமுக்கு டீசர் வந்த அன்றைக்கே அதன் ரோஸ்டரில், அதாவது ஆடக் கிடைக்கும் கேரக்டர்களின் பட்டியலில், எத்தனை பேர் என்று ஆளாளுக்கு ஒரு எண் சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். "இந்தத் தடவை 60 தாண்டும்" என்பார் ஒருவர். "பாதிப் பேரை வெட்டிவிடுவான் பாருங்கள்" என்பார் இன்னொருவர். இதில் முக்கால்வாசி ஆசை, மீதி பயம். கையில் இருக்கும் பழைய எண்களை வைத்துக் கொஞ்சம் ஒழுங்காகக் கணிக்க முடியும். அதற்கு பிளஸ் டூ அளவுக் கணக்கும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டும் போதும்.

நின்டெண்டோவின் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் தொடரை எடுத்துக்கொள்வோம். அதன் ஐந்தாவது கேமான அல்டிமேட் 2018 டிசம்பர் 7 அன்று வெளிவந்தது. அதில் எத்தனை பேர் என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். தெரியாததுபோல் வைத்துக்கொண்டு, டீசர் வந்த 2018 மார்ச் மாதத்தில் போய் நின்று கணிப்போம். பிறகு விடையோடு ஒப்பிடலாம். புதிதாக இதைப் பழகுபவர்களுக்கு இதுதான் நல்ல வழி: விடை தெரிந்த கேமில் முதலில் கையைப் பழக்குங்கள், வராத கேமுக்கு அப்புறம் போகலாம்.

படி 1: எதை எண்ணப்போகிறீர்கள்?

கேட்க அற்பமாக இருக்கும், ஆனால் பாதிச் சண்டை இங்கேதான். இந்தத் தொடரின் மூன்றாவது கேமான ப்ராலில் எத்தனை கேரக்டர் என்று கேட்டால் 35, 37, 39 என்று மூன்று பதில் கிடைக்கும். மூன்றுமே சரி. தேர்வுத் திரையில் இருக்கும் கட்டங்களை எண்ணினால் 35. ஜெல்டாவுக்குள் இருக்கும் ஷீக், சாமுஸுக்குள் இருக்கும் ஜீரோ சூட் சாமுஸ் இருவரையும் தனியாக எண்ணினால் 37. போக்கிமான் டிரெய்னர் என்ற ஒரே கட்டத்தில் ஸ்கர்ட்டில், ஐவிசோர், சாரிஸார்ட் என்று மூன்று போக்கிமான் உண்டு. அவற்றையும் பிரித்தால் 39.

சாரிஸார்டை மட்டும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ப்ராலில் அது மூன்றில் ஒன்று. அடுத்து வந்த கேமில், அதாவது ரசிகர்கள் ஸ்மாஷ் 4 என்று கூப்பிடும் 2014 கேமில், டிரெய்னரும் மற்ற இரண்டும் போய், சாரிஸார்ட் மட்டும் தனிக் கட்டத்தில் நிற்கிறது. அல்டிமேட்டில் மறுபடி டிரெய்னரோடு சேர்ந்துகொண்டது. கட்டங்களை எண்ணுகிறவருக்கு ப்ராலில் ஒன்று, ஸ்மாஷ் 4-இல் ஒன்று. யாரும் போகவில்லை என்றே தோன்றும். ஆட்களை எண்ணுகிறவருக்கோ இரண்டு பேர் போயாயிற்று. ஒரே தொடர்தான், ஆனால் இருவருக்கும் வேறு வேறு கதை.

நான் எடுத்துக்கொள்ளும் விதி சில வரிதான். தனக்கென்று அடிகளும் தாக்குதல்களும் உள்ள ஒவ்வொருவரும் ஒரு ஆள். ஐஸ் கிளைம்பர்ஸ்போல் ஜோடியாகவே ஆடுபவர்கள் ஒரு ஆள். கேமுக்குள்ளேயே திறக்கவேண்டிய ரகசியக் கேரக்டர்களும் சேர்த்தி. பிறகு காசு கொடுத்து வாங்கும் டிஎல்சி சேர்த்தி இல்லை, வெளியான அன்று டிஸ்கில் இருந்தவர்கள் மட்டும். ஒருவரை மாதிரியே ஆடும் நகல் கேரக்டர்களை எண்ணுவதா வேண்டாமா என்று ரசிகர்கள் அடித்துக்கொள்வார்கள். எண்ணிவிடுங்கள். லூசினா மார்த்தின் நகல் என்றாலும் தேர்வுத் திரையில் அவளுக்கு ஓர் இடம் உண்டு.

அந்த விதிப்படி அட்டவணை இது:

| கேம் | ஆண்டு | வெளியீட்டு நாள் ரோஸ்டர் |
|---|---|---|
| சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் (முதலாவது) | 1999 | 12 |
| மெலீ | 2001 | 26 |
| ப்ரால் | 2008 | 39 |
| ஸ்மாஷ் 4 | 2014 | 51 |

எந்த விதி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். கட்டங்களை எண்ணி, ஸ்மாஷ் 4-இல் ஆடுபவரே உருவாக்கும் மீ ஃபைட்டர் வகை மூன்றையும் ஒன்றாகச் சேர்த்தால் இதே நான்கு கேமும் 12, 25, 35, 49 என்று ஆகிவிடும். இந்த வித்தியாசம் கடைசிக் கணிப்பில் நான்கு பேர் அளவுக்கு இடிக்கும்.

படி 2: கோடு போடுங்கள்

மேலே உள்ள எண்களின் இடைவெளியைப் பாருங்கள்: 14, 13, 12. யாரோ ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல இருக்கிறது. இப்படி ஒரு வரிசை கண்ணில் பட்டால் யாருக்கும் நேர்கோடு போடக் கை அரிக்கும்.

ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு வரிசையில் 1, 2, 3, 4 என்று கேமின் வரிசை எண், பக்கத்தில் ரோஸ்டர் எண்ணிக்கை. ஸ்லோப் ஃபார்முலா கோட்டின் சரிவைத் தரும், இன்டர்செப்ட் ஃபார்முலா தொடக்கப் புள்ளியைத் தரும். இங்கே சரிவு 13, தொடக்கம் மைனஸ் 0.5. அதாவது ஒவ்வொரு கேமுக்கும் 13 பேர் கூடுகிறார்கள். ஐந்தாவது கேமுக்கு 5 × 13 – 0.5 = 64.5.

கோடு எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று சொல்லும் ஆர்-ஸ்கொயர் 0.9988. நான்கு புள்ளிகளில் எதுவுமே கோட்டிலிருந்து அரை ஆளுக்கு மேல் விலகவில்லை. ஆளை மயக்கும் எண் இது. இதை வைத்துக்கொண்டு "65 பேர், அடித்துச் சொல்கிறேன்" என்று கிளம்பிவிடத் தோன்றும்.

கிளம்புவதற்கு முன்னால் கணிப்பின் வீச்சையும் போடுங்கள். ஒற்றை எண்ணுக்கு அர்த்தம் கிடையாது. எங்கிருந்து எங்கே வரை என்பதுதான் கணிப்பு. வீச்சு போடும் விதம் இது. கோட்டிலிருந்து புள்ளிகள் எவ்வளவு விலகுகின்றன என்பதை, புள்ளிகள் குறைவு என்பதால் கொஞ்சம் பெரிதாக்கி, STEYX என்று தட்டும் ஃபார்முலா தரும். நமக்கு 0.71. புள்ளிகள் இருக்கும் இடத்தைத் தாண்டி வெளியே கணிக்கிறோம் என்பதால் அதைப் பெருக்கவேண்டும். பெருக்கும் எண், 1 + (1/4) + (2.5-இன் வர்க்கம் / 5) என்பதன் வர்க்கமூலம், அதாவது 1.58. இதில் 4 என்பது கேம்களின் எண்ணிக்கை, 2.5 என்பது ஐந்தாவது கேம், முதல் நான்கின் நடுப்புள்ளியிலிருந்து இருக்கும் தூரம். கீழே உள்ள 5 என்பது அந்த நான்கும் நடுப்புள்ளியிலிருந்து விலகும் தூரங்களுடைய வர்க்கங்களின் கூட்டுத்தொகை. பெருக்கினால் 1.12. இதை டி-அட்டவணையின் எண்ணால் இன்னொரு முறை பெருக்கவேண்டும்.

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். 95 சதவீத வீச்சுக்கு 2-ஆல் பெருக்கினால் போதும் என்று பள்ளியில் படித்திருப்போம். அது நிறையப் புள்ளிகள் இருக்கும்போது. நம்மிடம் இருப்பது நான்கே புள்ளி, அதில் சரிவுக்கும் தொடக்கத்துக்கும் இரண்டைச் செலவழித்தாயிற்று, மிச்சம் இரண்டு. இரண்டு மிச்சத்துக்கு டி-அட்டவணை சொல்லும் எண் 4.3. ஆக 1.12 × 4.3 = 4.8. கணிப்பு 64.5, கூட்டிக் கழித்தால் ஏறத்தாழ 60 முதல் 69 வரை.

விடை? அல்டிமேட் வெளிவந்த அன்று, நம் விதிப்படி 76 பேர். 95 சதவீத வீச்சுக்கு வெளியே, ஏழு பேர் தள்ளி நிற்கிறது.

கணக்கில் தவறே இல்லை, கணிப்பு மட்டும் படுத்துவிட்டது. ஏன் என்று பார்ப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. கேமின் வரிசை எண்ணுக்குப் பதிலாக, வெளியான ஆண்டைக் கீழ் அச்சில் போடுங்கள்: 1999, 2001, 2008, 2014. கோடு இப்போது ஆண்டுக்கு 2.4 பேர் என்று சொல்கிறது. 2018-க்குக் கணிப்பு 62 பேர். வீச்சைக் கணக்கிட்டால் 30 முதல் 93 வரை! விடையான 76 இதற்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது, ஆனால் 30-லிருந்து 93 வரை என்று சொல்வதற்கு ஸ்ப்ரெட்ஷீட் எதற்கு?

அதே நான்கு கேம், அதே எண்ணிக்கை. கீழ் அச்சை மாற்றியதும் ஒன்று கத்திமுனைபோல் கூர்மையாகப் பேசித் தவறாகிறது, இன்னொன்று எதையும் சொல்லாமல் சரியாகிறது. எந்த அச்சு சரி என்பதை எண்கள் சொல்லாது. ரோஸ்டர் எப்படி உருவாகிறது என்று உங்களுக்குத் தெரிந்ததுதான் சொல்லவேண்டும். அதனால்தான் அடுத்த படி.

படி 3: மொத்தத்தை உடையுங்கள்

மொத்தம் என்று ஒரு பொருள் ஸ்டுடியோவுக்குள் கிடையாது. அங்கே நடப்பது இரண்டு தனித்தனி வேலை. பழைய ஆட்களில் யாரைத் திரும்பக் கொண்டுவருவது என்பது ஒன்று, புதுமுகங்கள் எத்தனை பேரைச் செய்ய முடியும் என்பது இன்னொன்று. அப்படியே பிரித்துப் பாருங்கள்:

| கேம் | முந்தைய கேமிலிருந்து வந்தவர்கள் | வெட்டப்பட்டவர்கள் | புதுமுகங்கள் |
|---|---|---|---|
| மெலீ | 12 | 0 | 14 |
| ப்ரால் | 21 | 5 | 18 |
| ஸ்மாஷ் 4 | 33 | 6 | 17 |

ஸ்மாஷ் 4-இல் 33-ஐயும் 17-ஐயும் கூட்டினால் 50தான் வரும். மீதி ஒருவர் டாக்டர் மாரியோ. மெலீயில் இருந்து, ப்ராலில் காணாமல் போய், மறுபடி வந்தவர்.

மொத்தத்தைப் பார்த்தபோது தெரியாத ஒன்று இப்போது தெரிகிறது. புதுமுகங்களின் எண்ணிக்கை அவ்வளவாக ஆடவில்லை: 14, 18, 17. சராசரி 16.3, திட்டவிலக்கம் சுமார் 2. ஒரு கேமுக்கு இத்தனை புது ஆட்களைத்தான் உருவாக்கிச் சமநிலைப்படுத்தி முடிக்க முடியும் என்று ஒரு வேலைக் கொள்ளளவு இருக்கிறது. அது மெதுவாகத்தான் மாறும். படி 2-இல் கோடு அவ்வளவு அழகாக வந்தது இதனால்தான். வளர்ச்சிக்கு என்று எந்த விதியும் அங்கே இல்லை. பதினாறு சொச்சம் பேரைச் சேர், மூன்று நான்கு பேரைக் கழி என்பதே திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

இனி திரும்புவோர் விகிதம். மூன்று தாவல்களையும் சேர்த்தால் 77 பேரில் 66 பேர் திரும்பியிருக்கிறார்கள், 85.7 சதவீதம். ஸ்மாஷ் 4-க்குப் பிறகு டிஎல்சியாக ஏழு பேர் வந்து மொத்தம் 58 ஆகியிருந்தது. 58-இல் 85.7 சதவீதம் ஏறக்குறைய 50. புதுமுகங்கள் 16. ஆக 66.

இதற்கும் வீச்சு வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பூவா தலையா போடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால் ஈருறுப்புப் பரவல் பொருந்தும்: 58 × 0.857 × 0.143 என்பதன் வர்க்கமூலம் 2.7. புதுமுகங்களின் விலகல் 2.1. இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 3.4. இருமடங்கு இருபுறமும் விட்டால் 59 முதல் 73.

இதிலும் 76 இல்லை. காரணம் நான் மேலே போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன "தனித்தனியாக" என்ற சொல். ஆட்கள் தனித்தனியாக வெட்டப்படுவதில்லை. டிரெய்னர் போனால் இரண்டு போக்கிமான் சேர்ந்தே போகும். ஸ்னேக் கொனாமியின் சொத்து. அவர் வருவது இன்னொரு நிறுவனம் கையெழுத்துப் போடுவதைப் பொறுத்தது. ஸ்மாஷ் 4 நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ என்ற இரண்டு கருவிகளுக்கும் வந்தது. அதில் ஐஸ் கிளைம்பர்ஸ் இல்லாமல் போனதற்குக் காரணம் கையடக்கமான 3டிஎஸ் கருவியால் அந்த ஜோடியைத் தாங்க முடியவில்லை என்பது. வீ யூவில் ஓடியிருந்தாலும் இரண்டு கருவியிலும் ஒரே ரோஸ்டர் இருக்கவேண்டும் என்று இயக்குநர் மசஹிரோ சகுராய் அவர்களை விட்டுவிட்டார். ஒரு கருவியின் வரம்பு, ஓர் உரிமம், ஒரு முடிவு என்று கொத்துக் கொத்தாகத்தான் ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். கொத்தாக நகரும் எதற்கும் ஈருறுப்புப் பரவல் தரும் வீச்சு குறுகலாகவே இருக்கும். அந்த 2.7-ஐக் கண்ணை மூடிக்கொண்டு இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. அப்படிச் செய்தால் வீச்சு 54 முதல் 78 வரை ஆகும்.

படி 4: யாரோ ஒருவர் எடுக்கப்போகும் முடிவை எழுதிவையுங்கள்

2018 ஜூன் 12 அன்று இ3 என்ற கேம் கண்காட்சி நிகழ்ச்சியில் சகுராய் அறிவித்தார்: இதுவரை எந்த ஸ்மாஷ் கேமில் வந்தவராக இருந்தாலும், ஒருவர் விடாமல் எல்லோரும் இதில் உண்டு.

புள்ளியியல் பார்வையில் அந்த ஒரு வாக்கியம் திரும்புவோர் விகிதத்தை 85.7-லிருந்து நூறுக்குத் தூக்கிவிட்டது. அதுவும் 58 பேரில் அல்ல, அதுவரை தோன்றிய அத்தனை பேரிலும். அந்தக் கணக்கைப் போடுங்கள்: முதல் கேமின் 12, மெலீயின் 14, ப்ராலின் 18, ஸ்மாஷ் 4-இன் 17, அதன் டிஎல்சியில் முதன்முதலாக வந்த ரியூ, கிளவுட், காரின், பயோனெட்டா என்ற 4. மொத்தம் 65. வெட்டப்பட்டுக் கிடந்த பிச்சு, யங் லிங்க், வுல்ஃப், ஸ்னேக் எல்லாம் இதற்குள் வந்துவிட்டார்கள்.

இப்போது தெரியவேண்டியது புதுமுகங்கள் எத்தனை என்பது மட்டும். பழைய சராசரி 16-ஐப் போட்டால் 81. விடை 76. இந்த முறை மேலே போய்விட்டோம், ஏனென்றால் உண்மையில் புதுமுகங்கள் 11 பேர்தான். 65 பேரைத் திரும்பச் செய்யும் வேலை புதுமுகங்களுக்கான நேரத்தைத் தின்றிருக்கிறது. அதிகம் புதியவர்களை எதிர்பார்க்கவேண்டாம் என்ற தொனியில் சகுராயும் அதே நிகழ்ச்சியில் சொன்னார். அந்த 11-லும் டெய்ஸி, ரிக்டர், குரோம், டார்க் சாமுஸ், கென் என்று ஐந்து பேர் ஏற்கெனவே இருக்கும் கேரக்டரை ஒட்டிச் செய்தவர்கள். அடியிலிருந்து கட்டியது ஆறே பேரை.

மார்ச்சில் போட்ட 66-ஐ விடையோடு பகுதி பகுதியாக ஒப்பிட்டால் இது தெளிவாகும். பழையவர்களில் 15 பேர் குறைத்துச் சொன்னோம், புதுமுகங்களில் 5 பேர் கூட்டிச் சொன்னோம். இரண்டு பிழையும் ஒன்றையொன்று கொஞ்சம் தின்று, மொத்தத்தில் 10 பேர் பிழையாக வந்து நிற்கிறது. இரண்டு பகுதியும் ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும் என்பதைக் குறித்துவையுங்கள். எந்தத் தொடருக்குப் போனாலும் கைகொடுக்கும்.

மார்ச்சிலேயே இதைச் செய்திருக்க வழி உண்டா? "எல்லோரும் திரும்புவார்கள்" என்று கணித்திருக்க முடியாது. ஆனால் அதை ஒரு கிளையாக எழுதிவைத்திருக்கலாம். வழக்கம்போல் சிலரை வெட்டுவார்கள் என்பது ஒரு கிளை: 60 முதல் 70. எல்லோரையும் கொண்டுவருவார்கள் என்பது ஒரு கிளை: 74 முதல் 83. அடியோடு புதிதாகத் தொடங்குவார்கள் என்பது ஒரு கிளை: 30 முதல் 45. ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு எத்தனை என்று ஒரு மதிப்பு. ஜூன் 12 அன்று இரண்டு கிளைகளை அடித்துவிட்டு மிச்சமிருக்கும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். மூன்றையும் சேர்த்துச் சராசரி எடுக்கும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். கிளைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் போய் அந்தச் சராசரி விழக்கூடும். அப்படி விழுந்தால் எந்தக் கிளை நடந்தாலும் அந்த எண் வராது.

படி 5: மற்ற கேம்களைப் பாருங்கள்

மூன்றாவது கிளைக்கு ஸ்மாஷ் தொடருக்குள் உதாரணமே இல்லை. நான்கு கேமிலும் எண்ணிக்கை ஏறித்தான் இருக்கிறது. அதற்காக அதன் வாய்ப்பு பூஜ்யம் ஆகிவிடாது. வேறு தொடர்களில் இது சர்வசாதாரணம்.

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4, 2014-இல் அல்ட்ரா பதிப்பு வந்தபோது 44 பேரில் நின்றது. 2016-இல் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 வெளியானபோது 16 பேர். அது வருடா வருடம் டிஎல்சி சேர்த்து 40-ஐத் தாண்டிப் போனது. 2023 ஜூனில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 வந்தது, மறுபடி 18-இல் தொடக்கம். மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2, 2000-இல் 56 பேரோடு வந்தது. பதினொரு வருடம் கழித்து மூன்றாவது பாகம் 36 பேரோடு வந்தது.

காரணம் ஒன்றுதான். மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2-இல் பெரும்பாலானவர்கள் பழைய கேம்களில் வரைந்த படங்களை எடுத்துப் போட்டவர்கள். மூன்றாவது பாகம் முப்பரிமாணத்துக்கு மாறியது. பழைய படங்கள் எதுவும் உதவாது, ஒவ்வொருவரையும் முதலிலிருந்து செய்யவேண்டும். ஆகவே நீங்கள் கணிக்கப்போகும் கேமைப் பற்றி முதலில் விசாரிக்கவேண்டியது இதுதான்: பழைய மாடல்களும் அசைவுகளும் அப்படியே உதவுமா, கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளான எஞ்சின் மாறுகிறதா? மாறுகிறது என்றால் படி 2-இல் போட்ட கோட்டை மறந்துவிடுங்கள்.

இன்னொரு சுவாரசியமான சங்கதி, விளையாட்டின் வடிவமே எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது. தி கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் தொடரில் மூன்று பேர் கொண்ட அணிகளாகத்தான் ஆட்கள் வருவார்கள். 1994-இல் வந்த முதல் கேமில் எட்டு அணி, 24 பேர். 2016-இல் பதினான்காவது கேமில் பதினாறு அணியும், கடைசியில் எதிர்த்து மோதவேண்டிய இரண்டு பாஸ்களும், 50 பேர். 2022-இல் பதினைந்தாவதில் பதின்மூன்று அணி, 39 பேர். இந்தத் தொடருக்கு 40 என்றோ 44 என்றோ யாராவது சொன்னால் அணிக் கணக்கை எப்படிச் சரிக்கட்டுவார்கள் என்று கேளுங்கள். நேராக அணிகளைக் கணித்து மூன்றால் பெருக்குவதுதான் புத்திசாலித்தனம்.

படி 6: லீக்குகளும் வரிசை எண்களும்

வெளியீட்டுக்கு முன்னாலேயே கசியும் லீக்கை முழுசாக ஒதுக்கவும் வேண்டாம், முழுசாக நம்பவும் வேண்டாம். ஸ்மாஷ் 4-க்கு 2014 ஆகஸ்டில் கசிந்த படங்களும் வீடியோக்களும் உண்மையாகவே இருந்தன. அல்டிமேட்டுக்கு 2018 அக்டோபரில் கசிந்த, கிரின்ச் லீக் என்று பெயர்பெற்ற படம், பார்க்க நம்பும்படியாக இருந்தது, ஆனால் அது போலி. பத்துப் பேர் ஒரே பட்டியலைச் சொல்கிறார்கள் என்றால், பத்துப் பேரும் ஒரே படத்தைப் பார்த்தவர்களா என்று விசாரியுங்கள். ஆமாம் என்றால் அது பத்துச் சாட்சி அல்ல, ஒன்று.

புள்ளியியல் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஜெர்மன் டாங்க் கணக்கு நினைவுக்கு வரும். இரண்டாம் உலகப்போரில் கைப்பற்றிய டாங்குகளின் வரிசை எண்களை வைத்து மொத்த உற்பத்தியை நேச நாட்டுப் புள்ளியியலாளர்கள் மதிப்பிட்டார்கள். 1942 ஆகஸ்டுக்கு அவர்கள் சொன்னது 327, உளவுத்துறை சொன்னது 1,550, போருக்குப் பின் கிடைத்த ஜெர்மன் ஆவணத்தில் இருந்தது 342. சூத்திரமும் சுலபம்: கண்ட எண்களில் பெரியதை, கண்ட எண்ணிக்கையால் வகுத்து, அதோடு அந்தப் பெரிய எண்ணையே கூட்டி, ஒன்றைக் கழி.

அல்டிமேட்டில் ஒவ்வொரு ஃபைட்டருக்கும் வரிசை எண் உண்டு என்பதால் இதைப் போட்டுப் பார்க்கும் ஆசை வரும். ஜூனில் அறிவித்தவர்களில் பெரிய எண் ரிட்லியின் 65. ஆனால் அதற்குக் கீழே இருந்த எல்லா எண்ணையும் காட்டியாயிற்று. 65 கண்டோம், பெரியது 65. சூத்திரம் 65 என்றே திருப்பிச் சொல்லும். டாங்குகள் தாறுமாறாகக் கையில் சிக்கின, ஃபைட்டர்களை நின்டெண்டோ வரிசையாக எடுத்துவிடுகிறது. சூத்திரத்துக்கு வேண்டியது அந்தத் தாறுமாறுதான்.

படி 7: அடுத்த ஸ்மாஷுக்கு நீங்களே போடுங்கள்

ஆறாவது கேம் எப்போது வந்தாலும் சரி, பயிற்சிக்கு நல்ல கேள்வி. ஐந்து கேமையும் வைத்துக் கோடு போட்டால் ஆறாவதற்கு 87 வரும், வீச்சு 67 முதல் 106. மேலே ஒரு பார்வைக்கு அது போதும், அதற்குமேல் அதை நம்பாதீர்கள்.

பகுதி பகுதியாகப் போடுங்கள். அல்டிமேட் எல்லா டிஎல்சியும் சேர்ந்து 89 பேரில் முடிந்தது. புதுமுகங்களின் வரிசை இப்போது 14, 18, 17, 11. சராசரி 15, விலகல் 3 சொச்சம். தொடர்ச்சியாக வரும் கேம் என்றால், பழைய 85.7 சதவீதப்படி 76 பேர் திரும்புவார்கள், கூட ஒரு பத்துப் பதினைந்து பேர். 85 முதல் 95. எல்லோரும் மறுபடி வந்தால் நூறைத் தொடும். புதிதாகத் தொடங்கும் கேம் என்றால், ஸ்ட்ரீட் ஃபைட்டர் 44-லிருந்து 16-க்கு இறங்கியபோது மிஞ்சியது 36 சதவீதம், மார்வெல் வெர்சஸ் கேப்காம் 56-லிருந்து 36-க்கு இறங்கியபோது மிஞ்சியது 64 சதவீதம். 89-இல் அந்த விகிதங்கள் 32 முதல் 57.

என் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்டால், 32–57 கிளைக்கு நூற்றுக்கு 55, 85–95 கிளைக்கு 25, நூறை ஒட்டிய கிளைக்கு 5, மிச்சம் 15-ஐ நடுவே இருக்கும் 58 முதல் 84 வரை. 89 பேருக்கும் உரிமம் வாங்கி, 89 பேரையும் ஒருவருக்கொருவர் சமன்செய்யும் வேலையை இன்னொரு முறை செய்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுக்கு வேறு மாதிரி தோன்றினால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள், கூட்டுத்தொகை நூறு வந்தால் சரி.

போட்டதை எண்ணும் விதியோடு சேர்த்துத் தேதி போட்டு எழுதிவையுங்கள். டீசர் வந்ததும் திறந்துபாருங்கள், எஞ்சினைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் கிளைகளின் மதிப்பை மாற்றுங்கள், ஆனால் பழைய வரியை அழிக்காமல் கீழே புதிதாக எழுதுங்கள். கேம் வந்த அன்று தேர்வுத் திரையை உங்கள் விதிப்படி எண்ணி, விடை எந்தக் கிளையில் விழுந்தது, அதற்கு நூற்றுக்கு எத்தனை கொடுத்திருந்தீர்கள் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அதே தாளில் டெக்கன் என்ற இன்னொரு ஃபைட்டிங் தொடருக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்: எட்டாவது பாகம் 2024 ஜனவரியில் 32 பேரோடு தொடங்கியது, ஒன்பதாவதற்கு இப்போதே ஒரு வீச்சு எழுதலாம்.